எட்டாம் கட்டளையும் காலைச் செய்தித்தாளும்

(பொன்விழாவின் இரண்டாம் நாள் மாலை, பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பழைய பெருமைகளைப் பேசுவது வழக்கம். ஓலைக் கொட்டகையில் முதல் பூசை கண்டவர்களையும், இக்கோயிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களையும் நேற்று நம் மூத்தோர் கண்ணீர் மல்க நினைவுகூர்ந்தார்கள். இன்று நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு "சமூகத் தொடர்புச் சாதனங்களும் கிறிஸ்தவ வாழ்வும்" என்பது. இளைஞர் இயக்கத்தார் தேர்ந்தெடுத்த தலைப்பு. செல்பேசியைக் கீழே வை, தொலைக்காட்சியைக் குறைத்துக்கொள் என்று நாலு புத்திமதி கூறிவிட்டுச் சாமியார் இறங்கிவிடுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அது நமக்கும் எளிது, உங்களுக்கும் எளிது. ஆயினும் இன்று நாம் பேச விரும்புவது ஒரேயொரு செய்தியைப் பற்றி. ஒரு விரல் நீளமே இருந்த செய்தி. அதைப் படித்தவர்கள் இக்கூட்டத்திலே பலர் இருக்கிறீர்கள். நாமும் படித்தோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலைப் பூசை முடித்துப் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உபதேசியார் செய்தித்தாளைக் கொண்டுவந்து, மூன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டி, "நம்ம பையன் சாமி" என்றார். படம் போட்டிருந்தது. இரு காவலர்களுக்கு நடுவே, தலையைக் குனிந்தபடி நம் பங்கின் மகன் ஒருவன். வயது பத்தொன்பது. புதுச்சேரி நகரத்தில் ஒரு வீட்டுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போயிருந்தான். அந்த வீட்டுப் பீரோவிலிருந்த நகை காணாமல் போயிற்று. அங்கே வேலை செய்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரையும் அழைத்து விசாரித்தார்கள், மூவரை அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. செய்தியின் தலைப்பே அதைச் சொல்லிவிட்டது: "வீடு புகுந்து கைவரிசை - காலனி வாலிபன் சிக்கினான்."

அன்று நாம் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அன்று மாலைச் சிலுவைப் பாதையில் மரச்சிலுவையைச் சுமக்கும் முறை அந்தப் பையனின் குழுவுக்குரியது. உபதேசியாரை அழைத்து, "இந்த வாரம் வேறு குழுவை வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். காவல் நிலையத்திற்குச் சென்று என்னவென்று கேட்கவில்லை. நண்பகலில் அவன் தாய் வாசலில் வந்து நின்றபோது, "சட்டம் தன் கடமையைச் செய்யும் அம்மா, செபம் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அந்த அம்மாள் மறுமொழி கூறாமல் போய்விட்டார்.

இருபத்தாறு நாட்கள் கழித்து அவன் ஜாமீனில் வந்தான். இரண்டு மாதம் சென்று அந்த நகை ஓர் அடகுக்கடையில் கிடைத்தது. அடகு வைத்தவர் அந்த வீட்டாருக்கே உறவினர். புகார் திரும்பப் பெறப்பட்டது; வழக்கு முடிந்தது. அந்தச் செய்தித்தாளை நாம் ஒவ்வொரு நாளும் புரட்டிப் பார்த்தோம். விடுதலைச் செய்தி ஒரு வரிகூட வரவில்லை. சிக்கியது செய்தியாயிற்று, குற்றமற்றவன் என்று தெரிந்தது செய்தியாகவில்லை. அதன்பின் நகரத்தில் எந்த மேஸ்திரியும் அவனை வேலைக்கு அழைக்கவில்லை. அவன் திருப்பூருக்குப் போனான். இன்றுவரை ஊருக்குத் திரும்பவில்லை.

அந்தச் செய்தித்தாளை நாம் எடுத்து வைத்திருக்கிறோம். பல முறை படித்திருக்கிறோம். அதே பக்கத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாங்கி ஏமாற்றியதாக ஒரு தொழிலதிபர் கைது. அங்கே எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: அவர் "கைது செய்யப்பட்டார்", அவர் "மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்", அவர் "குற்றச்சாட்டை மறுத்தார்". நம் பையனோ "சிக்கினான்", "திருதிருவென விழித்தான்". இருவரும் அன்றைய நிலையில் குற்றம் சாட்டப்பட்டவர்களே. இருவர் குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் ஒருவருக்கு 'ஆர்' விகுதி, மற்றவனுக்கு 'ஆன்' விகுதி. நம் தமிழ்மொழி மரியாதையை வினைச்சொல்லின் கடைசி எழுத்திலே வைத்திருக்கிறது. அந்த ஓர் எழுத்திலே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். தொழிலதிபர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர், எந்தக் குலத்தைச் சேர்ந்தவர் என்று அச்செய்தி கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இல்லை. அவர் செய்தது அவர் தனியே செய்தது. ஏழையின் பிள்ளை செய்ததாகச் சொல்லப்படுவது மட்டும் அவன் தெரு முழுவதும் சேர்ந்து செய்ததாகிவிடுகிறது. மறுநாளே நகரத்தில் வீட்டு வேலை செய்துவந்த நம் பங்குப் பெண்கள் இருவரை, "சில நாள் வரவேண்டாம்" என்று நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? அதே தெருவில் குடியிருந்தது.

நாமும் இதுவரை "அவன்" என்றே சொல்லிவந்தோம். பெற்ற பிள்ளையைப் போன்ற உரிமையால் சொன்னோம் என்று சாக்குச் சொல்லலாம். இனி "அவர்" என்றே சொல்வோம்.

இந்த நோய் செய்தித்தாள்களால் தோன்றியதன்று. அவை அதைப் பெற்றுக்கொண்டன, பரப்பின. இதன் வேர் பழையது. ஆங்கிலேயர் 1871-ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை இயற்றினர். ஒரு சமூகத்தில் பிறந்தவன் பிறப்பினாலேயே குற்றவாளி என்பது அதன் உட்பொருள். 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. பட்டியலிடப்பட்ட சமூகத்து ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் காவலர்முன் ஆஜராக வேண்டும். ஊரைவிட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். திருடினாரா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் இந்த ரேகைச் சட்டத்திற்குப் பணிய மறுத்தனர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டனர்.

நமக்கு அருகிலே, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், அஜீஸ் நகர் என்ற குடியேற்றம் இதற்காகவே அமைக்கப்பட்டது. குறவர் முதலான சமூகத்தார் அங்கே அடைத்து வைக்கப்பட்டனர். இந்தியாவின் பல இடங்களில் இத்தகைய குடியேற்றங்களை நடத்தும் பொறுப்பு இரட்சணிய சேனை போன்ற கிறிஸ்தவ அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. நல்லெண்ணத்தோடு பணியாற்றினவர்கள் அங்கே இருந்திருக்கலாம். ஆயினும் பூட்டின் சாவி கிறிஸ்தவர் கையிலும் இருந்தது.

"நாம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோமே சாமி, அந்தச் சட்டம் நமக்கு ஏது?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். பாகூர்க் கொம்யூனிலும் வில்லியனூர்க் கொம்யூனிலும் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம் என்று நம் முன்னோர் வாழ்ந்தார்கள். ஆங்கிலேயர் சட்டம் வரப்பைத் தாண்டவில்லை. ஆனால் அது வளர்த்த சந்தேகத்தை எந்தச் சுங்கச்சாவடி நிறுத்த முடியும்? ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் குடிசை போட்டு வாழும் இருளர் மக்களைக் கேளுங்கள். எங்கே ஒரு திருட்டு நடந்தாலும் முதலில் தங்கள் குடிசைக்குத்தான் ஆள் வரும் என்பார்கள். புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இருளர் இங்கே பழங்குடியினர் என்று அறிவிக்கப்பட்டது 2016 டிசம்பரில். இடையே ஐம்பத்து நான்கு ஆண்டுகள். சலுகைப் பட்டியலில் ஏற அரை நூற்றாண்டு ஆனது; சந்தேகப் பட்டியலில் ஏற அவர்கள் ஒருநாளும் காத்திருக்க நேர்ந்ததில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, எண்ணம் போகவில்லை. விருத்தாசலம் பக்கத்தில் முதனை என்னும் சிற்றூரில், 1993-ஆம் ஆண்டு, நகைத் திருட்டு ஒன்றின் பேரில் ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத்து ஏழைத் தொழிலாளி காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். வழக்கறிஞர் சந்துரு அவருக்காக வாதாடினார். அவரே பின்னாளில் அந்நீதிமன்றத்தின் நீதிபதியானார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 2006-இல், உயர் நீதிமன்றம் காவல்துறையினருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2021-இல் இதைத் தழுவி 'ஜெய் பீம்' என்ற திரைப்படம் வந்தபோது நம் ஊரிலும் கண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். திரையில் பார்த்து அழுத நாம், தெருவில் பார்த்தபோது என்ன செய்தோம் என்பதே கேள்வி.

அண்மையில், 2024 அக்டோபர் 3-ஆம் நாள், உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள்போல் நடத்துவதும் அரசியல் சட்டத்திற்கு மாறானவை என்றது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கும் பத்தியையே நீக்கச் சொன்னது. சிறைப் பதிவேட்டிலிருந்து நீக்க உத்தரவிடப்பட்ட பத்தி செய்தித்தாளின் தலைப்பில் வரலாமா? சிந்தித்துப் பாருங்கள்.

நகரங்களில் இது வேறொரு வடிவம் எடுத்திருக்கிறது. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட வட மாநிலத்தவர் ஐவரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். நீதிமன்றத்தில் விசாரணை நடந்து தீர்ப்பு வருவதற்கு அவர்கள் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு "வடநாட்டுக் கொள்ளையர்" என்பது செய்திகளில் ஒரே சொல்லாகிவிட்டது. கட்டட வேலைக்கு வந்த பீகார் இளைஞனும் ஒடிசா இளைஞனும் வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் நம்மிடையே ஆலை வேலைக்கு வந்திருக்கும் அந்தப் பிள்ளைகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள்.

2018 மே மாதம், குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று கைபேசிகளில் ஒரு வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஊரார் சூழ்ந்துகொண்டார்கள். அறுபத்தைந்து வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அவர் தமிழர். வதந்திக்கு முகம் பார்க்கத் தெரியாது. அதற்கு ஓர் அந்நியர் வேண்டும், அவ்வளவே.

இதே கத்தி திரும்பியும் வந்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வடநாட்டுச் செய்தித்தாள்களிலும் கைபேசிகளிலும் செய்தி பறந்தது. சம்பந்தமில்லாத சண்டைகளின் படங்களைக் காட்டினார்கள். தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. செய்தி பொய்யென்று தெரிந்தது. அன்று நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! "ஏதோ நாலு பேர் சண்டையைக் காட்டித் தமிழர் எல்லாரையும் கொலைகாரர் என்பதா?" என்று கொதித்தோம். சரியான கோபம். அதே கோபம் காலனித் தெருவுக்காக ஏன் வரவில்லை?

அயல்நாட்டிலும் இதுவே கதை. அமெரிக்க நகரங்களில் மூண்ட கலவரங்களை ஆராய அரசு அமைத்த குழு 1968-இல் அறிக்கை தந்தது. பத்திரிகைகள் வெள்ளையர் கண்கொண்டே உலகத்தைப் பார்க்கின்றன, கறுப்பின மக்களின் வாழ்வை எழுதுவதில்லை என்று அது குற்றம் சாட்டியது. இருபத்தோரு ஆண்டுகள் சென்று, 1989-இல், நியூயார்க் நகரப் பூங்காவில் ஒரு பெண் கொடுமையாகத் தாக்கப்பட்டார். கறுப்பினச் சிறுவர் நால்வரும், ஸ்பானிய வழியைச் சேர்ந்த சிறுவர் ஒருவரும் பிடிக்கப்பட்டனர். பதினான்கு முதல் பதினாறு வயதுவரை உள்ள பிள்ளைகள். விசாரணை தொடங்குமுன்பே பத்திரிகைகள் அவர்களை விலங்குகளோடு ஒப்பிட்டன. சிறை சென்றார்கள். உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் அவனையே காட்டியபின், 2002-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அவர்களுடைய இளமையை யார் திருப்பிக் கொடுப்பது?

பத்திரிகையாளர்களை நாம் பகைவராக்கவில்லை. நம் பங்கின் பிள்ளைகளிலும் நிருபர்கள் உண்டு. முதனை வழக்கைப் போன்றவற்றை உலகறியச் செய்ததில் நல்ல பத்திரிகையாளருக்கும் பங்கு உண்டு. ஆனால் அன்றாடக் குற்றச் செய்தி எப்படி உருவாகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். காவல் நிலையத்திலிருந்து ஒரு குறிப்பு வருகிறது. மாலைக்குள் பத்துச் செய்திகள் அனுப்பவேண்டிய நிருபர் அதை அப்படியே அனுப்புகிறார். அலுவலகத்தில் ஒருவர் அதற்குத் தலைப்பு வைக்கிறார். எல்லாத் தாள்களிலும் ஒரே செய்தி வருவதால், எல்லாரும் சொல்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் பேசியது ஒரே வாய், மற்றவை எதிரொலி. பிடிபட்டவரின் தாயிடம் யாரும் பேசவில்லை. அவருடைய வழக்கறிஞரைக் கேட்கவில்லை. பத்திரிகைகளுக்கு ஒழுக்க நெறி வகுத்திருக்கும் இந்தியப் பத்திரிகை மன்றம், ஒருவரை இழிவுபடுத்தும் வகையில் அவர் சாதியைக் குறிப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. "சாதி பெயரை நாங்கள் எழுதவில்லையே" என்பார்கள். காலனி என்று எழுதினால் போதாதா? நம் ஊரில் அச்சொல்லுக்குப் பொருள் தெரியாத குழந்தை உண்டா?

பிரியமானவர்களே, இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியைத் தடுக்கிறது என்று ஞானோபதேசத்தில் படித்தோம். பொய்ச்சாட்சி என்றால் நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்வது மட்டும் என்று நினைத்தோம். நாபோத்து என்பவரின் கதையை நினையுங்கள். அவருடைய திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னன் விரும்பினான். அரசி ஈசபேல் வாளை எடுக்கவில்லை. அரசனின் பெயரால் கடிதங்கள் எழுதி, முத்திரையிட்டு, ஊர்ப் பெரியோருக்கு அனுப்பினாள். இரண்டு கயவர்கள் சாட்சி சொன்னார்கள். ஊரார் கல்லெறிந்தார்கள். கடிதம் எழுதியவள் ஒருத்தி. அதை நம்பிக் கல்லெடுத்தது ஊர். கல்லெடுத்த ஊருக்குப் பங்கு இல்லையென்று எவர் சொல்வார்?

நம் ஆண்டவரும் பெயர் கெட்ட ஊரிலிருந்து வந்தவர்தாம். நாசரேத்து என்று கேட்டதும் நத்தனியேலுக்கே ஐயம் எழுந்தது. பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. நேரில் வந்து பார்க்கும்படி அழைத்துச் சென்றார். நத்தனியேல் சென்று பார்த்தார், மனம் மாறினார். சிலுவையின் உச்சியில் பிலாத்து ஒரு பலகை மாட்டினான். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழிகளில், வழியே போகிற எவரும் படிக்கத்தக்கதாக, குற்றச்சாட்டை எழுதி வைத்தான். படித்தவர்கள் பலர். தலையை ஆட்டிக்கொண்டு போனவர்கள் பலர். விசாரித்தவர் எத்தனை பேர்?

நம் புதுச்சேரித் திருச்சபைக்கும் இதில் ஒரு நினைவு உண்டு. இந்நகரத்துக் கோயிலுக்குள்ளே சாதியைப் பிரிக்க ஒரு தடுப்புச் சுவர் நின்றது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குருக்களிடம் முறையிட, அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு எழுதி வைத்திருக்கிறார். செங்கல் சுவர் இடிந்தது. மனச்சுவர் இடிய நெடுங்காலம் சென்றது. இன்னும் முழுதும் இடிந்ததென்று சொல்லத் துணியோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைக் குறித்துத் தனி ஏடு வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் சமூகத் தொடர்பு நாளைத் திருச்சபை கொண்டாடிவருகிறது. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாளுக்குப் பொய்ச் செய்தியையே பொருளாக எடுத்து, ஏதேன் தோட்டத்துப் பாம்பின் பேச்சில் அதன் தொடக்கத்தைக் காட்டினார். ஏடுகள் நிறைய இருக்கின்றன. நம் திண்ணைக்கு அவை வந்து சேரவில்லை.

ஆகவே இப்பொன்விழா நினைவாக நான்கு தீர்மானங்களைப் பங்குப் பேரவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் நாவை அடக்குவோம். கைதானவர் எவராயினும், தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. "திருடன்" என்று சொல்லாதிருப்போம். "அவர்" என்று சொல்லிப் பழகுவோம். சிறுபிள்ளைகள் நம்மைக் கேட்டுத்தான் பேசக் கற்கிறார்கள்.

இரண்டாவது, கைபேசியில் வரும் படத்தையும் செய்தியையும் விசாரியாமல் அனுப்பமாட்டோம். பிடிபட்டவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரானால், அவரை அடையாளம் காட்டும் படமும் பெயரும் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் பங்கில் எவர் பிடித்துச் செல்லப்பட்டாலும், அவர் எச்சமயத்தவராயினும், பேரவையின் இருவர் அன்றே காவல் நிலையம் செல்லவேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும், வழக்கறிஞரைக் காண விடவேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே கட்டளையிட்டிருக்கிறது. காவலில் இருப்பவருக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. இவை எவர் தயவாலும் கிடைப்பவை அல்ல, உரிமைகள்.

நான்காவது, தவறான செய்தி வந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோம். விடுதலையானபோது, "கைதை வெளியிட்டீர்களே, இதையும் வெளியிடுங்கள்" என்று ஆதாரத்தோடு கேட்போம். இணங்காவிட்டால் பத்திரிகை மன்றத்திற்கு முறையிடலாம். நாளேடாயின் இரண்டு மாதத்திற்குள் முறையிடவேண்டும். நாம் அன்று எழுதவில்லை. காலம் கடந்துவிட்டது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் இருந்ததும் ஒரு சாட்சிதான், அதுவும் பொய்ச்சாட்சிதான்.

இறுதியாக ஒன்று. சென்ற வாரம் அந்தத் தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஏழு ஆண்டுகளாக அவர் பூசைக்கு வருவதைத் தவறவிட்டதில்லை; கடைசித் தூணுக்கு அருகே நிற்பார், நன்மை வாங்கியதும் போய்விடுவார். அன்று வாசலில் நின்றபடியே கேட்டார்: "தேருக்கு அவனை வரச் சொல்லட்டுமா சாமி? யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

நாம் அந்த அம்மாளை உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். அன்று செய்யத் தவறியதை ஏழு ஆண்டு கழித்துச் செய்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர், "நீங்க என்னா சாமி பண்ணுவீங்க, பேப்பர்லயே போட்டுட்டாங்களே" என்றார். அந்த ஆறுதல் நமக்கு ஆறுதலாக இல்லை. தாளில் போட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது யார்? வேதத்தைப் பிரசங்கிக்கும் நாமே அன்றோ?

"யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வரச் சொல்லுங்கள்" என்று உங்கள் எல்லாருடைய பெயராலும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். உங்களைக் கேளாமல் கொடுத்த வாக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை மாலை தேருக்கு முன்னால் சிலுவை தாங்கிச் செல்லும் முறையை, அந்த வெள்ளிக்கிழமை நாம் விலக்கிவைத்த குழுவுக்கே கொடுத்திருக்கிறோம். அவர் வருகிறாரா என்று நமக்குத் தெரியாது. வந்தால், அவரை எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் தயங்கவேண்டாம். ஊருக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பாருங்கள். "எப்போ வந்தே, சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். இந்தப் பங்கின் ஐம்பது ஆண்டு விசுவாசம் அந்த ஒரு கேள்வியில் விளங்கும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.